ஃப்ரிட்ஜ் கதவு ரப்பரில் கரும்பூஞ்சை, வழி சொல்லுங்களேன்

வணக்கம் நண்பர்களே. நாகப்பட்டினத்தில் கடற்கரைப் பக்கம் வீடு. ஐப்பசி மழை தொடங்கினாலே ஃப்ரிட்ஜ் கதவு ரப்பரின் மடிப்புகளில் கரும்பூஞ்சை பிடித்துவிடுகிறது. ஈரக்காற்று குளிர்ந்த ரப்பரில் பட்டு நீராகி அங்கேயே தேங்குகிறது. சமையல் சோடா கலந்த வெதுவெதுப்பான நீரில் தேய்த்து, நன்றாகத் துடைத்தாலும் திரும்ப வருகிறது.

இப்போது கீழ் மூலையில் கதவு சரியாக ஒட்டவில்லை. காகிதத்தை வைத்து மூடி இழுத்தால் அங்கே மட்டும் வழுக்கிக்கொண்டு வந்துவிடுகிறது. அம்மாவின் இன்சுலின் உள்ளே இருக்கிறது. அதற்கு 2 முதல் 8 டிகிரி வேண்டும், அதுதான் பெரிய கவலை.

மெக்கானிக் கதவையே மாற்றச் சொல்கிறார். ஹேர் டிரையரால் லேசாகச் சூடாக்கினால் ரப்பர் பழைய வடிவத்துக்கு வருமா? இல்லை, ரப்பரை மட்டும் மாற்றலாமா? கடலோர ஊர்களில் மாற்றியவர்கள், எத்தனை வருடம் தாங்கியது என்றும் சொல்லுங்கள்.