விபத்து இழப்பீட்டுப் பணத்தில் வக்கீல் எடுத்துக்கொண்டதற்குக் கணக்கு இல்லை: பார் கவுன்சிலில் புகார் கொடுத்தால் பணம் வருமா?

கீழத்தெரு:
வாகன விபத்து வழக்கில் இன்சூரன்ஸ் கம்பெனி வட்டியோடு 8,20,000 ரூபாய் கட்டிவிட்டது. பணம் பெறும் அதிகாரம் வக்காலத்தில் (வக்கீலை நியமித்து அம்மா கையெழுத்துப் போட்ட பத்திரம்) இருந்ததால் தொகை வக்கீல் கணக்குக்குப் போயிருக்கிறது. மனுதாரரான அம்மாவுக்கு வந்தது 5,00,000 மட்டும். 25 சதவீதம் பீஸ், மீதி செலவு என்கிறார். எதற்கும் ரசீது இல்லை. வக்கீல் சங்கத்தில் சொன்னால் போதுமா? புகாரைத் தமிழில் எழுதலாமா?

நகல்மனு:
சங்கத்துக்கு அந்த அதிகாரமே கிடையாது. நடவடிக்கை எடுக்க முடிந்தது அவர் பதிவு செய்துள்ள மாநில பார் கவுன்சில்தான். தமிழ்நாடு, புதுச்சேரி என்றால் சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் இருக்கிறது. அவருடைய பதிவு எண் வக்காலத்திலேயே இருக்கும்.

ஆனால் புகாருக்கு முன் செய்ய வேண்டிய ஒன்று இருக்கிறது. அதிகாரம் இருக்கும்போது பணத்தை வாங்கியது மட்டும் குற்றம் ஆகாது. வாங்கியதை உடனே தெரிவிக்காததும் கணக்குக் கொடுக்காததும்தான் குற்றம். இந்திய பார் கவுன்சில் விதி 25, கட்சிக்காரர் பணத்துக்குத் தேதிவாரியாக வரவு, செலவு, பீஸ் கணக்கு வைக்கச் சொல்கிறது. விதி 27, பணம் வந்ததைக் கூடிய சீக்கிரம் தெரிவிக்கச் சொல்கிறது. விதி 30, கேட்டால் கணக்கின் நகலைக் கொடுக்கச் சொல்கிறது. நகல் செலவை மட்டும் நாம் கட்ட வேண்டும். ஆகவே முதலில் விதி 30ஐக் குறிப்பிட்டு எழுத்தில் கணக்குக் கேளுங்கள், 15 நாள் கெடு வையுங்கள், தபால் ரசீதையும் கடிதம் சேர்ந்த சான்றையும் பத்திரப்படுத்துங்கள். நேரில் போய்ச் சத்தம் போடுவதால் ஒரு துண்டுக் காகிதம்கூட மிஞ்சாது.

கூடவே தீர்ப்பாயத்தில் நகல் மனு போட்டு, தீர்ப்பு, செக் பெட்டிஷன் (கட்டிய பணத்தை எடுக்கப் போட்ட மனு), அதன் மேல் பிறந்த உத்தரவு மூன்றுக்கும் சான்றிட்ட நகல் வாங்குங்கள். எவ்வளவு, எந்தத் தேதியில், யார் பெயரில் போனது என்பது அதில் வந்துவிடும். ஒழுங்கு விசாரணையில் கிட்டத்தட்ட கிரிமினல் வழக்கு அளவுக்கு நிரூபணம் எதிர்பார்ப்பார்கள். வாய்ச் சாட்சியை மட்டும் நம்பிப் போன புகார்கள் விழுவது அதனால்தான்.

மூன்றாம்மாடி:
25 சதவீதப் பேச்சைச் சாதாரணமாக விடாதீர்கள். வழக்கின் முடிவைப் பொறுத்துப் பீஸ் பேசுவதையும், கிடைக்கும் தொகையில் பங்கு கேட்பதையும் விதி 20 தடை செய்கிறது. அவர் சொல்லும் சமாதானமே இன்னொரு விதிமீறல். அதை எழுத்திலோ வாட்ஸ்அப்பிலோ சொல்லியிருந்தால் அப்படியே இணையுங்கள். அந்த 25 சதவீதம் 2,05,000 ரூபாய். பாக்கி 1,15,000 ரூபாய்க்கு அவர் செலவு காட்டியாக வேண்டும்.

புகார் தமிழில் தாராளமாக இருக்கலாம். சாதாரணக் கடிதமாக இல்லாமல், மனு வடிவில், உரிமையியல் வழக்கில் போடுவது போலச் சரிபார்ப்பு உறுதிமொழியும் கையெழுத்தும் வேண்டும், கட்டணமும் உண்டு. வக்கீலிடம் விளக்கம் கேட்டபின், முகாந்திரம் இருந்தால் வழக்கறிஞர்கள் சட்டம் 35ஆம் பிரிவின்படி மூன்று பேர் கொண்ட ஒழுங்கு நடவடிக்கைக் குழுவுக்குப் போகும். புகார் தள்ளுபடி ஆகலாம். இல்லையென்றால் கண்டனம், குறிப்பிட்ட காலத் தடை, பெயர் நீக்கம். ஓர் ஆண்டுக்குள் முடிக்காவிட்டால் 36பி பிரிவின்படி இந்திய பார் கவுன்சிலுக்கு மாறும். உத்தரவு பிடிக்காவிட்டால் 60 நாளுக்குள் அங்கே மேல்முறையீடு, அதன்பின் இன்னொரு 60 நாளுக்குள் உச்ச நீதிமன்றம்.

தொகை சிறியது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். நில எடுப்பு இழப்பீட்டில் 8,118 ரூபாயை எடுத்துக்கொண்டு, கட்சிக்காரரோடு சமாதானம் ஆகிவிட்டதாகப் பொய்ப் பிரமாணப் பத்திரமும் கொடுத்த வக்கீலுக்கு இந்திய பார் கவுன்சில் 3 ஆண்டுத் தடை விதித்தது. 2002இல் உச்ச நீதிமன்றம் அது போதாது என்று பெயரையே நீக்கியது.

கீழத்தெரு:
"புகார் இல்லை" என்று எழுதிக் கொடுத்தால் 1,50,000 தருவதாக இப்போது சொல்கிறார். வாங்கலாமா?

நகல்மனு:
பணம் அம்மாவுடையது, வாங்கலாம். வங்கி வழியாக மட்டும் வாங்குங்கள். "பகுதித் தொகை பெற்றேன்" என்பதற்கு மேல் ஒரு வரியும் எழுதித் தர வேண்டாம். "முழுக் கணக்கும் தீர்ந்தது" என்று கையெழுத்துப் போட்டால் பாக்கி 1,70,000க்கு வழக்குப் போடுவது சிக்கலாகிவிடும். புகார் பதிவான பிறகு சமாதானம் ஆனாலும், திரும்பப் பெற்றாலும், அந்தக் காரணத்துக்காக மட்டும் விசாரணையைக் கைவிடக் கூடாது என்று விதியே இருக்கிறது.

மூன்றாம்மாடி:
தலைப்பில் கேட்டதற்கு: 35ஆம் பிரிவில் தண்டனை உண்டு, பணத்தைத் திருப்பிக் கொடு என்று உத்தரவிடும் அதிகாரம் சொல்லப்படவில்லை. புகாருக்குப் பயந்து பலர் கொடுத்துவிடுகிறார்கள் என்பது வேறு. பணத்துக்கு உரிமையியல் வழக்குத்தான் வழி. கணக்குக் கேட்டு மறுத்ததிலிருந்தோ, கேட்கவில்லை என்றால் வக்காலத்து முடிந்ததிலிருந்தோ 3 ஆண்டு காலவரம்பு. பார் கவுன்சில் முடிவு வரட்டும் என்று காத்திருந்தே அதைத் தவறவிடுகிறார்கள். இரண்டையும் ஒன்றாக நடத்துங்கள். நுகர்வோர் ஆணையம் வேண்டாம், வக்கீல் சேவை அந்தச் சட்டத்தில் வராது என்று 2024 மே மாதம் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. போலீஸ் புகார் என்றால் நம்பிக்கை மோசடி: 2024 ஜூலை 1 முதல் நடந்தவற்றுக்கு பாரதிய நியாய சன்ஹிதா 316, அதற்கு முந்தியவற்றுக்கு பழைய இந்திய தண்டனைச் சட்டம் 406.

வழக்குக் கட்டு (வழக்கின் காகிதங்கள்) அவரிடமே இருந்தால் அதையும் எழுத்தில் கேளுங்கள். பீஸ் பாக்கி என்று கட்டைப் பிடித்து வைக்க வக்கீலுக்கு உரிமையில்லை என்பது 2000ஆம் ஆண்டிலேயே தீர்ந்த விஷயம்.