முதல் குளிர்காலம், ஒரு வார லீவு: வெயிலுக்கு எங்கே போவது?

அக்கா, நாங்கள் ஆகஸ்டில்தான் ஹாம்பர்க் வந்தோம். நவம்பர் பிறந்ததிலிருந்து வீட்டில் யாருக்கும் முகமே சரியில்லை, மூன்று மணிக்கே விளக்கைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம். டிசம்பர் கடைசியிலோ ஜனவரியிலோ ஒரு வாரம் வெயில் அடிக்கிற ஊராகப் போகலாம் என்று பார்க்கிறோம். ஸ்பெயின் தீவு மல்லோர்கா, துருக்கிக் கடற்கரையில் இருக்கிற அன்டால்யா இரண்டுமே நம்ப முடியாத மலிவு விலைக்கு வருகிறது. எதை புக் பண்ணலாம்? பையனுக்கு நாலு வயது.

தம்பி, இரண்டும் வேண்டாம். சீசன் இல்லாத நேரத்தில் விற்கிறார்கள், அதனால்தான் அந்த விலை. ஜனவரியில் மல்லோர்காவில் பகலிலேயே 15 டிகிரிதான். அன்டால்யாவிலும் கிட்டத்தட்ட அதேதான், போதாக்குறைக்கு அங்கே வருடத்திலேயே அதிக மழை கொட்டுவது டிசம்பரிலும் ஜனவரியிலும்தான். மத்தியதரைக் கடல் என்றாலே வெயில் என்று நம் மனதில் பதிந்துவிட்டது, ஏனென்றால் ஆபீசில் எல்லோரும் காட்டுகிற போட்டோ ஜூலையில் எடுத்தது. அந்தக் கரை முழுக்கக் குளிர்காலம்தான் மழைக்காலம். நாங்கள் வந்த முதல் வருடம் மல்லோர்காவுக்குத்தான் போனோம். ஹோட்டல் இருந்த தெருவில் பாதிக் கடை ஷட்டர் இறக்கியிருந்தது, வெளியே போட்டிருந்த நாற்காலிகளை அடுக்கிச் சங்கிலி போட்டுப் பூட்டியிருந்தார்கள், கடற்கரையில் நாங்கள் நாலு பேர் மட்டும் ஜாக்கெட்டோடு நின்றுகொண்டிருந்தோம். ஐந்து நாளில் மூன்று நாள் மழை. திரும்பி வருகிற விமானத்தில் என் கணவர் ஒரு வார்த்தை பேசவில்லை.

அதற்குப் பிறகு பத்து வருடமாக ஒவ்வொரு குளிர்காலமும் இதைத் தேடித் தேடிப் பார்த்துத்தான் சொல்கிறேன், முதலில் பார்க்க வேண்டியது வெளிச்சம், டிகிரி எல்லாம் அதற்கு அடுத்தது. நம் ஊரிலிருந்து வந்தவர்களை இங்கே படுக்கப் போடுவது குளிர் இல்லை. குளிருக்கு நல்ல கோட்டு, நல்ல பூட்ஸ் வாங்கிவிட்டால் சமாளித்துக்கொள்ளலாம். டிசம்பர் 21 வாக்கில் ஹாம்பர்க்கில் காலை 8.30 தாண்டித்தான் விடிகிறது, மாலை 4 மணிக்கெல்லாம் சூரியன் இறங்கிவிடுகிறது, அந்த ஏழரை மணி நேரத்திலும் வானம் முழுக்கச் சாம்பல் நிறம். ஆபீசுக்கும் இருட்டில் போய் இருட்டில் வருகிறோம். உங்கள் வீட்டில் முகம் சரியில்லாமல் இருப்பது அதனால்தான், வேறு எதையும் போட்டு மனதைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். இன்னொன்று, அக்டோபரிலிருந்து மார்ச் வரை ஜெர்மனியில் வெளியே போய் நின்றாலும் உடம்புக்குத் தேவையான வைட்டமின் டி தோலில் உண்டாகாது, நம் நிறத்துக்கு இன்னும் கஷ்டம். ஒரு வாரம் டூர் போனால் அது சரியாகிவிடாது. குடும்ப டாக்டரிடம் போய் மூன்று பேருமே ரத்தம் கொடுத்துப் பார்த்துவிடுங்கள், இதைத் தள்ளிப்போட வேண்டாம்.

சரி, இடத்துக்கு வருகிறேன். ஒரு வாரம்தான் லீவு, கையில் ஜெர்மன் ரெசிடென்ஸ் பெர்மிட், கூடச் சின்னக் குழந்தை என்றால் என் பதில் கனரித் தீவுகள்தான். ஸ்பெயினுக்குச் சொந்தம், ஆனால் இருப்பது ஆப்பிரிக்கக் கரைக்குப் பக்கத்தில், மொராக்கோவிலிருந்து கிட்டத்தில் இருக்கிற தீவு 100 கிலோமீட்டர் தூரம்தான். அட்சரேகை 28, நம் டெல்லி இருக்கிற கோடு. தெனரீஃபே தீவின் தெற்குப் பக்கத்தில் ஜனவரியில் பகலில் 20, 21 டிகிரி, இரவில் 15. நம் கணக்குக்கு இது வெயிலே இல்லை என்று தோன்றும், போய் இறங்கிப் பாருங்கள். டிசம்பரிலும் பத்தரை மணி நேரம் பகல் இருக்கிறது, சாயங்காலம் ஆறு மணிக்கு மேலும் வெளிச்சத்தில் நடக்கலாம். இங்கிருந்து நேர் விமானத்தில் சுமார் 5 மணி நேரம், கடிகாரம் ஒரு மணி நேரம்தான் பின்னால் போகும், குழந்தையின் தூக்கம் கெடாது.

விசா தொல்லை கிடையாது. கனரித் தீவுகள் ஷெங்கனுக்குள், அதாவது ஒரே விசாவில் போய்வரக்கூடிய ஐரோப்பிய நாடுகளுக்குள் வருகிறது, ரெசிடென்ஸ் கார்டும் பாஸ்போர்ட்டும் இருந்தால் போதும், இரண்டையும் கட்டாயம் கையில் வைத்திருங்கள், கார்டை வீட்டில் விட்டுவிட்டு வராதீர்கள். கார்டு இன்னும் வரவில்லை, புதுப்பிக்கக் கொடுத்திருக்கிறோம், கையில் ஃபிக்‌ஷன் சர்டிபிகேட் என்கிற தற்காலிகச் சான்று மட்டும்தான் இருக்கிறது என்றால் டிக்கெட் எடுப்பதற்கு முன்னால் வெளிநாட்டவர் அலுவலகத்துக்கு மெயில் போட்டு எழுத்தில் பதில் வாங்கிக்கொள்ளுங்கள். எனக்குத் தெரிந்த குடும்பம் ஒன்றை கேட்டிலேயே நிறுத்திவிட்டார்கள். அந்தக் காகிதம் என்னவென்று அங்கே நின்ற பெண்ணுக்குத் தெரியவில்லை, இவர்களுக்கும் விளக்கிச் சொல்ல ஜெர்மன் வரவில்லை, பணம் மொத்தமும் போயிற்று. லண்டன் வழியாக மாறிப் போகிற டிக்கெட் மலிவாக வந்தால் அதையும் தொடாதீர்கள், லண்டன் ஷெங்கனில் இல்லை.

இப்போது சொல்லப்போவதுதான் முக்கியம், ஏனென்றால் கனரி என்று சரியாக முடிவு செய்தவர்களும் இதில்தான் தவறுகிறார்கள். தீவின் எந்தப் பக்கம் தங்குகிறீர்கள் என்று பாருங்கள். தெனரீஃபேவின் நடுவில் தேய்தே என்று ஒரு எரிமலை, 3,715 மீட்டர், ஸ்பெயினிலேயே உயரமான மலை. வருடம் முழுக்க வடகிழக்கிலிருந்து காற்று வந்து அந்த மலைமேல் மோதும், மேகம் எல்லாம் வடக்குச் சரிவிலேயே தங்கிவிடும். பள்ளிக்கூடத்தில் மழை மறைவுப் பிரதேசம் என்று படித்தோமே, ஜூலையில் மூணாறில் விடாமல் பெய்துகொண்டிருக்கும்போது மலையிறங்கி போடிக்கு வந்தால் வெயில் காய்கிறதே, அதேதான். நாங்கள் முதல் தடவை போனபோது வடக்குக் கரையில் புவெர்ட்டோ தே லா குரூஸில் அறை போட்டிருந்தோம். பச்சைப்பசேல் என்று அழகான ஊர், வாழைத் தோட்டம் எல்லாம் இருக்கிறது, எங்கள் அம்மாவுக்குப் போட்டோ அனுப்பினால் கம்பம் பக்கம் மாதிரி இருக்கிறதே என்றார். ஆனால் மூன்று நாளும் தலைக்கு மேல் மேகம். நாலாவது நாள் பஸ் பிடித்துத் தெற்கே போனோம். சான்டா குரூஸ் தாண்டி இறங்க இறங்க மேகம் கிழிந்துகொண்டே வந்தது, ஜன்னல் வழியாக மடியில் வெயில் விழுந்தது, என் மகள் உள்ளங்கையை விரித்து அந்த வெயிலில் வைத்துக்கொண்டு அப்படியே இருந்தாள். அவளுக்கு அப்போது ஐந்து வயது. இறங்கும்வரை கையை எடுக்கவில்லை.

அதனால் தெனரீஃபே என்றால் தெற்கே லோஸ் கிறிஸ்தியானோஸ், கோஸ்தா அதேஹே. கிரான் கனாரியா தீவு என்றாலும் தெற்குதான், மஸ்பலோமாஸ், புவெர்ட்டோ ரிக்கோ, மோகான் பக்கம். விமான நிலையமும் தெனரீஃபேயில் இரண்டு இருக்கிறது, தெற்கு நிலையம்தானா என்று டிக்கெட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். லான்சரோத்தேயும் ஃபுவெர்த்தேவெந்துராவும் அவ்வளவு உயரமில்லாத தீவுகள், மேகம் தங்க மலை இல்லை, மழையும் குறைவு, ஆனால் காற்று பலமாக அடிக்கும், நாலு வயதுப் பையனோடு மணலில் உட்கார முடியாது. லோஸ் கிறிஸ்தியானோஸில் கடற்கரை ஒரு வளைவுக்குள் அடங்கி இருப்பதால் அலை பெரிதாக இல்லை, கரையோரம் சமதளமாக நீண்ட நடைபாதை இருக்கிறது, தள்ளுவண்டியும் போகும். உங்களுக்கு அதுதான் சரி.

அப்புறம் நீச்சல் குளம். ஹோட்டல் படத்தில் நீலமாகத் தெரியும் குளத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள், அது சூடாக்கிய குளமா என்று கேளுங்கள். கடல் தண்ணீரே ஜனவரியில் 19, 20 டிகிரிதான். சூடாக்காத குளம் இரவில் இன்னும் குளிர்ந்துவிடும், பையன் காலை விட்டதும் எடுத்துவிடுவான், அப்புறம் ஒரு வாரம் முழுக்கக் குளத்தைப் பார்த்துப் பார்த்து அழுவான். சூடாக்கியதாக இருந்தால் ஜெர்மன் தளங்களில் 'பெஹைட்ஸ்ட்' என்று போட்டிருக்கும். அந்தச் சொல் இல்லாவிட்டால் ஹோட்டலுக்கே எழுதி, ஜனவரியில் எத்தனை டிகிரி வைக்கிறீர்கள் என்று கேட்டுவிடுங்கள். அறைகளிலும் பெரும்பாலும் ஹீட்டர் இருக்காது, தரை டைல்ஸ், வெயில் இறங்கியதும் கால் சில்லென்று ஆகும். ஆளுக்கு ஒரு ஸ்வெட்டர், காலுறை கட்டாயம். பால்கனி தெற்குப் பார்த்தோ மேற்குப் பார்த்தோ இருக்கும்படி கேளுங்கள், ஐந்து மணி வெயிலில் காபி குடிப்பதற்காகத்தான் இவ்வளவு தூரம் போகிறோம்.

எப்போது போவது என்று கேட்டால், பையன் இன்னும் பள்ளிக்கூடம் சேராதது உங்களுக்குப் பெரிய வசதி. கிறிஸ்துமஸுக்கு முன்னாலிருந்து ஜனவரி 6 வரை விலை உச்சத்தில் இருக்கும். அதை விட்டுவிட்டு ஜனவரி நடுவிலோ கடைசியிலோ போங்கள். டிசம்பரில் இங்கே கிறிஸ்துமஸ் சந்தையும் தெரு விளக்கும் இருக்கிறது, ஏதோ நாள் ஓடிவிடும். அதையெல்லாம் கழற்றியபிறகு வருகிற ஐந்தாறு வாரம்தான் கொடுமை. போன வருடத்து மிச்ச லீவையும் பெரும்பாலான கம்பெனிகளில் மார்ச் 31-க்குள் எடுத்துவிட வேண்டும், அதற்கும் இது சரியாக இருக்கும்.

அக்கா, நான் ஸ்டுட்கார்ட்டிலிருந்து. எனக்கு இரண்டு பிள்ளைகள், இரண்டும் பள்ளிக்கூடம் போகிறது. மாமியார் மூன்று மாத விசிட் விசாவில் வந்திருக்கிறார், சுத்த சைவம். கார் எடுத்து ஓட்டலாமா?

தங்கச்சி, பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனால் விடுமுறை நாட்களைத் தவிர வேறு வழியில்லை. கடைசி நாள் பள்ளிக்கு மட்டம் போட்டுவிட்டு விமானம் ஏறலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், இங்கே அதற்கு அபராதம் உண்டு, சில விமான நிலையங்களில் போலீசே பிள்ளைகளைப் பார்த்து விசாரிக்கிறார்கள். கிறிஸ்துமஸ் லீவில் போனால் ஜனவரி 5 சாயங்காலம் அங்கே இருக்கும்படி பாருங்கள், மூன்று ராஜாக்கள் ஊர்வலம் வரும், வண்டிகளிலிருந்து பிள்ளைகளுக்கு மிட்டாய் எறிவார்கள். மறுநாள் 6-ஆம் தேதி அங்கே விடுமுறை, சாமான் எல்லாம் முன்னாலேயே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். மாமியாரின் விசா ஷெங்கன் நாடுகள் எல்லாவற்றுக்கும் செல்லும் என்று ஸ்டிக்கரில் இருந்தால் அவர் தாராளமாக வரலாம், நாள் கணக்கை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

சாப்பாட்டுக்குச் சமையலறை உள்ள அபார்ட்மென்ட் எடுங்கள், ஹோட்டல் பஃபேயில் சைவம் என்று தேடிக்கொண்டிருக்க வேண்டாம். சின்னக் குக்கர், பருப்பு, புளி, இட்லிப்பொடி கொண்டுபோனால் மற்ற காய்கறி அங்கேயே கிடைக்கும். வெளியே சாப்பிட்டால் 'பப்பாஸ் அருகாதாஸ்' கேட்டு வாங்குங்கள். குட்டி உருளைக்கிழங்கைத் தோலோடு உப்பு நிறையப் போட்டு வேகவைத்துத் தண்ணீர் சுண்டும்வரை வைப்பார்கள், தோல் சுருங்கி மேலே வெள்ளையாக உப்புப் படிந்திருக்கும். தொட்டுக்கொள்ளச் சிவப்பு மோஹோ என்று ஒன்று, காய்ந்த மிளகாய், பூண்டு, சீரகம், எண்ணெய், வினிகர். நம் மிளகாய்ப் பூண்டுச் சட்னிக்குத் தம்பி மாதிரி இருக்கும். என் மாமியார் நாலு தட்டுச் சாப்பிட்டார். கிரான் கனாரியாவில் லாஸ் பால்மாஸ், தெனரீஃபேயில் சான்டா குரூஸ் இரண்டு ஊரிலும் சிந்தி வியாபாரிகள் தலைமுறை தலைமுறையாக இருக்கிறார்கள், இந்தியக் கடை தேடினால் அந்தப் பக்கம் விசாரியுங்கள்.

கார் விஷயத்தில் யோசித்துச் செய்யுங்கள். ஓட்டுகிறவர் பெயரிலேயே கிரெடிட் கார்டு வேண்டும் என்பார்கள். இங்கே பேங்கில் முதலில் கொடுப்பது டெபிட் கார்டு, அதைக் கவுண்டரில் நீட்டினால் பல இடங்களில் ஒத்துக்கொள்வதில்லை, இல்லாவிட்டால் வாடகையைவிட அதிகமாக இன்ஷூரன்ஸ் தலையில் கட்டுவார்கள். எங்களுக்கு அப்படித்தான் ஆயிற்று, இரண்டு பிள்ளைகளையும் பெட்டிகளையும் வைத்துக்கொண்டு ஒன்றரை மணி நேரம் நின்றோம். தெற்கிலேயே தங்கினால் பஸ் போதும், அங்கே பஸ்ஸை 'குவாகுவா' என்பார்கள். ஒரே ஒரு நாள் தேய்தே மலைக்கு மட்டும் ஏதாவது வண்டி பேசிப் போய் வாருங்கள். கேபிள் காரில் 3,555 மீட்டர் வரை போகலாம், மேலே கடுங்குளிர், கோட்டு வேண்டும். மாமியாருக்கு இதயத்திலோ மூச்சிலோ ஏதாவது இருந்தால் அந்த உயரத்துக்குக் கூட்டிப்போக வேண்டாம், கீழேயே உட்கார்ந்து பார்த்தாலும் அழகுதான். ஆஸ்துமா உள்ளவர்கள் இன்னொன்றையும் தெரிந்துகொள்ளுங்கள், சில நாட்கள் சஹாராவிலிருந்து 'கலிமா' என்று மண்காற்று வரும், வானம் மஞ்சளாகிவிடும், அன்றைக்கு வெளியே அலையாமல் இருப்பது நல்லது.

அக்கா, இவ்வளவு செலவு செய்து ஸ்பெயின் போவதற்கு ஊருக்கே போய்விடலாமே?

மூன்று வாரம் லீவு இருந்தால் கட்டாயம் ஊருக்குத்தான் போக வேண்டும், நானும் அதைத்தான் செய்வேன். அதையும் தை பிறக்கிற சமயம் பார்த்துப் போங்கள். டிசம்பரில் டிக்கெட்டும் ஏறியிருக்கும், வடகிழக்குப் பருவமழையும் சில வருடம் மார்கழிவரை விடாது. ஜனவரி நடுவில் வானம் தெளிந்திருக்கும், சென்னையில் பகலில் 29 டிகிரி, பொங்கலுக்கு வீட்டில் இருக்கலாம். ஆனால் ஒரு வாரத்தில் ஊருக்குப் போய் வருவதை வெயில் லீவு என்று நினைக்காதீர்கள். ஃபிராங்ஃபர்ட்டிலிருந்து நேராகப் போனாலே ஒன்பது மணி நேரத்துக்கு மேல், நாலரை மணி நேர வித்தியாசம், போய் இறங்கியதும் சொந்தக்காரர் வீடு, பேங்கு வேலை, பல் டாக்டர் என்று நாள் போய்விடும், அம்மா அப்பாவோடு உட்கார்ந்து பேசியது இரண்டு நாள்கூட வராது. ஊரை அவசரத்தில் போய் வந்தால் இங்கே வந்தபிறகு மனது இன்னும் பாரமாகத்தான் இருக்கும், அதை நானே இரண்டு தடவை அனுபவித்திருக்கிறேன்.

தம்பி, நீங்கள் ஜனவரி கடைசி வாரம் என்று முடிவு செய்தால் ஹோட்டல் பெயரை இங்கே போடுங்கள், எந்தப் பக்கம் இருக்கிறது, குளம் சூடாக்கியதா என்று நான் பார்த்துச் சொல்கிறேன்.