மக்காச்சோளம் கதிர் முற்றும் முன்பே காய்ந்து சாய்கிறது: அடுத்து சோயா மொச்சை விதைக்கலாமா?

கேள்வி (பெரம்பலூர் மானாவாரி விவசாயி):
வணக்கம். புரட்டாசிப் பட்டத்தில் கரிசல் நிலத்தில் விதைத்த வீரிய ஒட்டு மக்காச்சோளம், பூவெடுக்கும் வரை செழிப்பாக இருந்துவிட்டு, மழை நின்று மண் வெடிக்கத் தொடங்கியதும் திட்டுத்திட்டாக வாடுகிறது. இலைகள் சாம்பல் பூத்தாற்போல வெளிறிக் காய்கின்றன, கதிர் தொங்குகிறது, மணிகள் சுருங்கி எடையின்றி இருக்கின்றன. கையால் தள்ளினால் செடி தரையை ஒட்டிய கணுவருகே மடிந்து விழுகிறது. கார்பென்டாசிம் என்ற பூசணக்கொல்லியைக் கரைத்து வேரில் ஊற்றுமாறு மருந்துக் கடையில் சொல்கிறார்கள். அதனால் பயன் உண்டா? அடுத்த பட்டத்தில் இதே நிலத்தில் சோயா மொச்சை போட்டால் நோய் விலகுமா?

பதில் (ஓய்வுபெற்ற வேளாண் அலுவலர்):
மருந்து வாங்கும் முன், வாடிய செடிகள் சிலவற்றை வேரோடு பிடுங்கி, அடித்தண்டை நீளவாக்கில் பிளந்து பாருங்கள். தண்டு நீர்கோத்து அழுகி நாற்றம் வீசினால் அது பாக்டீரியா தண்டழுகல். உட்சோறு இளஞ்சிவப்பாக மாறியிருந்தால் பெரும்பாலும் ஃபியூசேரியம் பூசணம். நார்கள் தனித்தனியாகப் பிரிந்து, அவற்றின் மேல் கரித்தூள் தூவியதுபோல் கருமணிகள் ஒட்டியிருந்தால் கரிக்கோல் அழுகல் என்று கொள்ளலாம். என்ன தெரிந்தது என்று எழுதுங்கள், மேலே பேசுவோம்.

கேள்வியாளர்:
பிளந்து பார்த்தேன் ஐயா. நாற்றமில்லை. உள்ளே சோறு இல்லாமல் நார் மட்டும் நிற்கிறது. அதன்மேல் விரலில் ஒட்டாத நுண்ணிய கரும்புள்ளிகள் நிறைய உள்ளன. வேரும் கறுத்திருக்கிறது.

பதில் (ஓய்வுபெற்ற வேளாண் அலுவலர்):
அப்படியானால் கரிக்கோல் அழுகல்தான். காரணம் மேக்ரோஃபோமினா ஃபேசியோலினா என்ற மண்வழிப் பூசணம். நீங்கள் கண்ட கரும்புள்ளிகள் அதன் இழைகள் இறுகித் திரண்ட முடிச்சுகள். காய்ந்த மண்ணிலும் பயிர்க் கட்டைகளிலும் அவை ஆண்டுக்கணக்கில் உயிரோடிருக்கும். வேர் வழியே இளம் பருவத்திலேயே நுழைந்துவிடும் இந்தப் பூசணம், பூத்தபின் செடி தன் சத்தையெல்லாம் மணிக்கு அனுப்பி வேரைப் பட்டினி போடும் வேளையில், மண் வறண்டு வெப்பம் 30 பாகை செல்சியசைத் தாண்டினால், வேகமாகத் தண்டுக்கு ஏறிவிடுகிறது. ஆகவே இந்நிலையில் கார்பென்டாசிம் ஊற்றுவது வீண் செலவு. தண்டுக்குள் நார் நாராகிவிட்ட செடி மீளாது. பண்ணைக்குட்டையில் நீர் மீதமிருந்தால், இன்னும் வாடாத பகுதிக்கு ஓர் உயிர்த் தண்ணீர் விடுவது அதைவிட மேல். சாயும் நிலையில் உள்ள பகுதியில் கதிர்களை முந்தி ஒடித்துவிடுங்கள்.

பதில் (கோவைப் பகுதி வாசகர்):
சோயா மொச்சை பற்றி நான் சொல்கிறேன். இதே பூசணம் அதையும் தாக்கும். எங்கள் பக்கத்து வயலில் காய் பிடிக்கும் பருவத்தில் இலைகள் மஞ்சளாகி, உதிராமல் செடியிலேயே காய்ந்து தொங்கின. அடித்தண்டின் தோலைச் சுரண்டினால் சாம்பல் நிறத்தின்மேல் அதே கரும்புள்ளிகள். பயறு வகை மண்ணுக்குத் தழைச்சத்து தரும் என்பது உண்மையே, ஆனால் இந்தப் பூசணத்துக்கு உளுந்து, பாசிப்பயறு, தட்டைப்பயறு, நிலக்கடலை, எள், சூரியகாந்தி, பருத்தி எல்லாம் உணவுதான்.

கேள்வியாளர்:
அப்படியென்றால் மானாவாரி நிலத்தில் எதைத்தான் மாற்றிப் போடுவது?

பதில் (ஓய்வுபெற்ற வேளாண் அலுவலர்):
நியாயமான கேள்வி. நீர் தேங்கும் மண்ணில் அந்தப் பூசண முடிச்சுகள் சில வாரங்களில் அழிந்துவிடுவதால், நெல் நட வாய்ப்புள்ளவர்களுக்கு வழி எளிது. உங்களுக்கு அது இயலாது. எனவே பயிர் மாற்றத்தை மட்டும் நம்பாமல், பூக்கும் பருவ வறட்சியைத் தவிர்ப்பதில் கருத்தைச் செலுத்துங்கள். அதிக நெருக்கமாக விதைக்க வேண்டாம். யூரியாவை அளவுக்கு மேல் இடவும் வேண்டாம். இந்நோய் ஆண்டுதோறும் வரும் நிலத்துக்கு எக்டேருக்கு 80 கிலோ சாம்பல் சத்து பரிந்துரைக்கப்படுகிறது. ஏக்கருக்கு அது 32 கிலோ சத்து, அதாவது பொட்டாஷ் உரமாக வாங்கினால் 50 கிலோ மூட்டை ஒன்றுக்குச் சற்று மேல். விதைத்த 30ஆம் நாள், மண்ணில் ஈரம் இருக்கும்போது, ஏக்கருக்கு ஒரு கிலோ டிரைக்கோடெர்மா விரிடி என்ற நன்மை செய்யும் பூசணத்தை 20 கிலோ மக்கிய தொழுவுரத்துடன் கலந்து தூவுங்கள். அதோடு கார்பென்டாசிமைச் சேர்த்துவிடாதீர்கள். அது இந்தப் பூசணத்தையும் கொன்றுவிடும்.

அறுவடைக்குப் பின் நோயுற்ற திட்டுகளின் அடிக்கட்டைகளை ரோட்டாவேட்டரால் மண்ணோடு கலக்காமல், பிடுங்கி வயலுக்கு வெளியே கொண்டுபோங்கள். வேரோடு சில செடிகளை வாலிகண்டபுரம் வேளாண் அறிவியல் நிலையத்தில் காட்டி உறுதிசெய்துகொண்டால், அடுத்த பட்டத்துக்கு விதை வாங்கும்போது தண்டழுகலைத் தாங்கும் ஒட்டு எது என்பதையும் அங்கேயே கேட்டு வரலாம்.