ஓப்பன் ஆக்சஸ் புத்தகத்துக்கு 10,000 பவுண்டு கேட்கிறார்கள். வேறு வழி உண்டா?

வெண்ணாற்றுக்காரன்

வணக்கம். தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு கல்லூரியில் வரலாறு நடத்துகிறேன். வெண்ணாற்றுப் பாசனத்தில் மதகு திறந்து மூடுகிற லஸ்கர்களைப் பற்றியும், தண்ணீர் குறையும்போது முறை வைத்து விடுவதைப் பற்றியும் ஆங்கிலத்தில் ஓர் ஆய்வு நூல் எழுதியிருக்கிறேன். பிரிட்டனில் ஒரு பல்கலைக்கழகப் பதிப்பகம் ஏற்றுக்கொண்டுவிட்டது. வீட்டில் பாயசமெல்லாம் ஆயிற்று.

அப்புறம்தான் விலையைச் சொன்னார்கள். கெட்டி அட்டைப் பிரதி 85 பவுண்டு. எங்கள் கல்லூரி நூலகமே வாங்காது. வெண்ணாறு மூன்றாகப் பிரிகிற நீடாமங்கலம் மூணாறு தலைப்பில் எனக்கு நாள் கணக்கில் விவரம் சொன்ன ஓய்வுபெற்ற லஸ்கர் ஒருவர், "புஸ்தகம் வந்தா நம்ம பேரு இருக்குமா சார்?" என்று இப்போதும் கேட்கிறார். அவர் பேரன் போனில் திறந்து காட்டுகிற மாதிரியாவது இருக்க வேண்டாமா?

யாரும் இணையத்தில் இலவசமாகப் படிக்கிற ஓப்பன் ஆக்சஸாகப் போடலாமே என்று எழுதிக் கேட்டேன். தாராளமாகப் போடலாம், 10,000 பவுண்டு கட்டுங்கள் என்று பதில் வந்தது. நம் பணத்தில் 11 லட்சத்துக்கு மேல். அச்சே போடாத பிடிஎஃப்புக்கு இவ்வளவா? ஒரே நாடு ஒரே சந்தா திட்டத்தில் இதற்கு ஏதாவது கிடைக்குமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மாயவரம் நூலகர்

முதலில் கடைசிக் கேள்வி. ஒரே நாடு ஒரே சந்தா, கல்லூரிகளுக்காக மத்திய அரசே ஆய்விதழ்களுக்குச் சந்தா கட்டுகிற திட்டம். 2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை மூன்று ஆண்டுக்கு 6,000 கோடி ஒதுக்கியது. உங்கள் புத்தகத்துக்கு அதிலிருந்து ஒன்றும் வராது. பிரிட்டனிலும் 2024 ஜனவரி முதல் ஆய்வு நூல்களைத் திறந்து வைக்கச் சொல்லி விதி இருக்கிறது. ஆனால் அங்கே அரசு நிதியில் ஆய்வு செய்தவர்களுக்குத்தான் விதியும், அதற்கான பணமும்.

"பிடிஎஃப்புக்கு இவ்வளவா" என்பது நியாயமான கோபம்தான். ஆனாலும் அச்சுக்கூலி ஒரு புத்தகச் செலவில் சிறு பங்குதான். மதிப்பீட்டாளர், பிரதி திருத்துபவர், பக்க அமைப்பு, பொருளடைவு, பதிப்பாசிரியர் சம்பளம் எல்லாம் அதற்கு முன்பே ஆகிவிடும். 2016இல் இதாகா என்ற அமெரிக்க ஆய்வு நிறுவனம் 20 அமெரிக்கப் பல்கலைக்கழகப் பதிப்பகங்களின் கணக்கைப் பார்த்தபோது ஒரு நூலுக்கு 15,000 டாலரிலிருந்து கிட்டத்தட்ட 1,30,000 டாலர் வரை செலவாகியிருந்தது. இலவசமாகத் திறந்துவிட்டால் விற்பனை குறையும் என்று பயந்து மொத்தத்தையும் ஆசிரியர் தலையில் வைக்கிறார்கள். கோளாறு அங்கேதான்.

ஆசிரியரிடம் கைநீட்டாத பதிப்பகங்களும் இருக்கின்றன. கேம்பிரிட்ஜில் ஓப்பன் புக் பப்ளிஷர்ஸ் 2008இலிருந்து நடக்கிறது. பிடிஎஃப் இலவசம், அச்சுப் பிரதிக்கு விலை, மீதிக்கு நூலகங்களின் ஆண்டுச் சந்தா. அமெரிக்காவில் எம்ஐடி பல்கலைக்கழகத்தின் பதிப்பகமான எம்ஐடி பிரஸ் 2021இல் தொடங்கிய திட்டத்தில் நூலகங்கள் கூட்டாகப் பணம் போடுகின்றன. புதிய நூல்கள் உலகத்துக்கே திறந்துவிடப்படுகின்றன. மத்திய ஐரோப்பியப் பல்கலைக்கழகத்தின் பதிப்பகம் பழைய நூல்களுக்கு நூலகங்களிடம் சந்தா வாங்கி, அந்தப் பணத்தில் புதியவற்றைத் திறக்கிறது. ஒப்பந்தத்தில் நீங்கள் இன்னும் கையெழுத்துப் போடவில்லை என்றால் இப்படி ஓர் இடத்துக்கு எழுதிப் பாருங்கள்.

வெண்ணாற்றுக்காரன்

கையெழுத்துப் போடவில்லை சார். ஆனால் பதவி உயர்வுக் குழுவில் "எந்தப் பதிப்பகம்?" என்பதுதான் முதல் கேள்வி. பெயர் தெரியாத இடம் என்றால் முகத்தைச் சுளிப்பார்கள். வேறு இடத்துக்கு அனுப்பி இன்னும் இரண்டு வருடம் காத்திருக்கிற தெம்பும் எனக்கில்லை.

குடந்தை பக்கவடிவமைப்பாளன்

சரி, பெரிய இடத்தையே பிடித்துக்கொள்ளுங்கள். ஆனால் ஒப்பந்தத்தில் மொழிபெயர்ப்பு உரிமை யாருக்கு என்று இருக்கிறது? பெரும்பாலும் "எல்லா மொழிகளிலும்" என்று பதிப்பகத்துக்கே எழுதி வைத்திருப்பார்கள். தமிழை மட்டும் உங்களுக்கு விட்டுவிடச் சொல்லுங்கள். அவர்கள் தமிழில் போடப்போவதே இல்லை, அதனால் கேட்டால் கொடுக்க வாய்ப்பு அதிகம். லஸ்கர் பேரன் ஆங்கிலத்தில் படித்துக் காட்டி என்ன ஆகப்போகிறது ஐயா?

தமிழ்ப் பதிப்பை, யாரும் படிக்கவும் பகிரவும் அனுமதிக்கிற கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் திறந்து வைக்கலாம். நூலின் அடையாள எண்ணான ஐஎஸ்பிஎன் நம் நாட்டில் இலவசம். ஜெனோடோ என்ற இணையக் களஞ்சியத்தில் ஏற்றினால், நிலையான இணைய முகவரி மாதிரியான டிஓஐ எண்ணும் காசில்லாமல் கிடைக்கும். செலவு முழுக்க மனிதக் கூலிதான்: மொழிபெயர்ப்பு, மெய்ப்பு, என் வேலை. திறந்த நூல் என்றதும் "நீங்களும் சும்மா செய்துகொடுங்களேன்" என்று வருகிறவர்களைப் பார்த்து அலுத்துவிட்டது. படிப்பவர்க்குத்தான் இலவசம், அச்சுக் கோப்பவனுக்கு அல்ல.

அந்தக் கூலிக்கு எங்கள் ஊரிலேயே பழைய வழி ஒன்று உண்டு. உ.வே.சா. கும்பகோணம் கல்லூரியில் இருந்தபோதுதான் 1887இல் சீவக சிந்தாமணி வந்தது. புத்தகம் வருவதற்கு முன்பே பலரிடம், வாங்கிக்கொள்வதாகக் கையொப்பம் வாங்கிப் பணம் சேர்த்தார். நூலகர் சொன்ன எம்ஐடி ஏற்பாடும் அதுதானே? உங்கள் ஊர் விவசாய சங்கம், ஓய்வுபெற்ற பொறியாளர்கள், வெளிநாட்டில் இருக்கும் டெல்டாக்காரர்கள் என்று கேளுங்கள். முந்நூறு பேர் ஆயிரம் ரூபாய் போட்டால் என் கணக்கில் போதும், அச்சுப் பிரதியும் கொடுத்துவிடலாம். ஆனால் குறுவை நடவு நேரத்தில் போய்க் கேட்காதீர்கள், ஒருவர் கையிலும் காசிருக்காது.

மாயவரம் நூலகர்

இதை நானும் ஆமோதிக்கிறேன். கூடவே ஒன்று. ஆங்கிலப் பதிப்பிலும், மதிப்பீடு முடிந்து ஏற்கப்பட்ட கையெழுத்துப் படியை ஓராண்டோ இரண்டாண்டோ கழித்துக் கல்லூரியின் இணையக் களஞ்சியத்தில் வைக்கலாமா என்று கேளுங்கள். முழுநூல் வேண்டாம் என்றால் ஒரு இயலையாவது விடுவார்கள். காசு கேட்காத வழி அது. ஆமாம், நூலில் வரைபடங்கள் இருந்தால் அவை எங்கே எடுத்தவை?

வெண்ணாற்றுக்காரன்

பொதுப்பணித் துறை அச்சிட்டவை, மேட்டூர் அணை கட்டிய காலத்தவை. தமிழ் உரிமை பற்றி இன்றே மின்னஞ்சல் போட்டுவிட்டேன். என் மனைவி முதல் கையொப்பம் தானே போடுவதாகச் சொல்கிறாள், ஆயிரம் ரூபாய் என் பணம்தான்.

மாயவரம் நூலகர்

அரசு வெளியீடு என்றால் வெளியான அடுத்த ஆண்டு தொடங்கி 60 ஆண்டுகள்தான் பதிப்புரிமை. 1930களின் வரைபடங்களைத் தாராளமாகப் போடலாம். ஆவணக்காப்பகத்தில் படியெடுத்தவை என்றால் அவர்கள் அனுமதிக் கடிதத்தை மட்டும் பத்திரமாக வையுங்கள், வெளிநாட்டுப் பதிப்பகம் கட்டாயம் கேட்கும்.

குடந்தை பக்கவடிவமைப்பாளன்

வரைபடத்தை வாட்ஸப்பில் அனுப்பாதீர்கள். ஸ்கேன் செய்த மூலக் கோப்பையே கொடுங்கள்.