அவசரம்: அண்ணாவின் பைக் சேர்பியாவில் நின்று நின்று ஓடுகிறது

உப்புவெளித் தம்பி:
அண்ணா லண்டனிலிருந்து திருகோணமலைக்கு பைக்கிலேயே வந்துகொண்டிருக்கிறார். நேற்றிலிருந்து ஓடிக்கொண்டிருக்கும்போதே நின்றுவிடுகிறது. கொஞ்ச நேரம் விட்டால் ஸ்டார்ட் ஆகிறது, திரும்ப நிற்கிறது. பிளக் மாற்றியும் சரிவரவில்லை. இப்போது ரோட்டோரம் நிற்கிறார். தெரிந்தவர்கள் உடனே சொல்லுங்கள். அம்மாவுக்கு இன்னும் சொல்லவில்லை.

கிண்ணியா ரைடர்:
என்ன பைக், எந்த ஆண்டு? கார்பரேற்றரா இன்ஜெக்‌ஷனா? சேர்பியாவில் எந்த இடம்?

மூன்றாம் கட்டை:
பட்டரிதான். யோசிக்காமல் மாற்றச் சொல்லு. எனக்கு ஹபரணைக் காட்டுப் பாதையில் இதே கதை, அதுவும் யானை இறங்குகிற நேரம்.

கிண்ணியா ரைடர்:
ஸ்டார்ட்டர் நன்றாகச் சுற்றுகிறது என்றால் பட்டரியை ஏன் பிடிக்கிறீர்கள்? மீற்றர் இருந்தால் 5000 சுற்றில் வைத்துப் பார்க்கட்டும். 13.8க்கும் 14.5க்கும் இடையில் வோல்ட் காட்டினால் சார்ஜ் ஆகிறது, விட்டுவிடலாம்.

நிலாவெளிக் காற்று:
பெற்றோலைப் பாருங்கள். ஐரோப்பாவில் பல இடங்களில் 95 ஒக்டேன் பெற்றோலில் 10 வீதம் வரை எதனோல் கலந்திருக்கும். பழைய பைக்கின் றப்பரை அது தின்றுவிடும்.

டொக்யாட் மாமா:
கண்டம் தாண்டப் புறப்படுகிறவர் ஒரு கராஜில் பத்து நாள் உட்கார்ந்து வேலை பழகியிருக்க வேண்டும். இதைப் பலமுறை எழுதிவிட்டேன், படிப்பவர் யார்? கேள்வி கேட்கவும் ஒரு முறை இருக்கிறது தம்பி. "பைக் நிற்கிறது" என்றால் வைத்தியரிடம் போய் "உடம்பு சரியில்லை" என்கிற மாதிரி.

உப்புவெளித் தம்பி:
மன்னிக்கவும் மாமா. ஹோண்டா டிரான்சால்ப் 650, 2003. கார்பரேற்றர். பெல்கிரேட்டுக்கும் நிஷுக்கும் இடையில், நெடுஞ்சாலையில் ஒரு பெற்றோல் ஷெட் பக்கத்தில் நிற்கிறார்.

கந்தளாய் கராஜ்:
அண்ணாவிடம் ஒன்றைக் கேளுங்கள்: எப்படி நிற்கிறது? சுவிட்சை அணைத்த மாதிரி டப்பென்றா, இருமி இழுத்து மெல்ல மெல்லவா? டப்பென்று என்றால் கரண்ட் பக்கம்: பிளக்குக்குத் தீப்பொறி தரும் கொயில், வயர், சைட் ஸ்டாண்ட் சுவிட்ச். இருமி நின்றால் பெற்றோல் போய்ச் சேரவில்லை. அப்படியென்றால் அடுத்த முறை நின்றவுடன், ஆறவிடாமல், டாங்க் மூடியைத் திறக்கச் சொல்லுங்கள். "உஸ்" என்று காற்று உள்ளே இழுத்து, மூடித் தட்டியதும் ஸ்டார்ட் ஆனால் காற்றுத் துளை அடைத்திருக்கிறது. பெற்றோல் இறங்க இறங்க மேலே காற்று வரவேண்டும். வராவிட்டால் உள்ளே வெற்றிடம் பிடித்து, கீழே சொட்டும் இறங்காது. டாங்க் முட்ட நிரப்பியிருந்தால் இன்னும் சீக்கிரம் நிற்கும், மேலே காற்றுக்கு இடமே இல்லையே.
கொயில் சூடேறினாலும் இதே மாதிரி நிற்கும், ஆனால் அது ஆற அரை மணி எடுக்கும். மூடி திறந்து அடுத்த நிமிடம் ஓடாது. நிற்கத் தொடங்குவதற்கு முன் பைக்கில் புதிதாக என்ன செய்தார் என்றும் கேளுங்கள்.

மூன்றாம் கட்டை:
பட்டரியையும் ஒருக்கா பார்க்கட்டும்.

நிலாவெளிக் காற்று:
அது கிடக்கட்டும். பைக்கை இந்தியாவிலிருந்து எப்படி இங்கே கொண்டுவருவார்? நாகப்பட்டினம் – காங்கேசன்துறைக் கப்பல்தான் ஓடுகிறதே?

கிண்ணியா ரைடர்:
2023 ஒக்ரோபரில் தொடங்கிய அந்தச் சேவை ஆட்களுக்கு மட்டும்தான், பைக் ஏறாது. அதோடு இந்தியாவுக்குள் எப்படி வருவார்? பாகிஸ்தானிலிருந்து வரும் அட்டாரி எல்லை 2025 ஏப்ரலிலேயே மூடப்பட்டது. பிரிட்டிஷ் பாஸ்போர்ட் என்றால் ஈரானில் வழிகாட்டி கூடவே இருக்க வேண்டும். கார்னே புத்தகம், அதுதான் வண்டியைத் தற்காலிகமாகக் கொண்டுபோகும் சுங்கப் பத்திரம், எடுத்தாரா? ஈரான், பாகிஸ்தான், இந்தியா, இலங்கை எல்லாவற்றிலும் கேட்பார்கள். டுபாயிலிருந்து கொள்கலனில் நேராகக் கொழும்புக்கு ஏற்றுவதுதான் என் யோசனை.

மூன்றாம் கட்டை:
இவ்வளவு பெரிய இயற்கைத் துறைமுகத்தை வீட்டு வாசலில் வைத்துக்கொண்டு, பைக்கைக் கொழும்பில் இறக்கி 260 கிலோமீற்றர் ஓட்டிவர வேண்டுமாம்.

டொக்யாட் மாமா:
ஆழம் இருந்தால் போதுமா? கொள்கலன் இறக்கப் பாரந்தூக்கி வேண்டும், கப்பல் நிறுவனம் வரவேண்டும், சரக்கு இருக்க வேண்டும். இங்கே இறங்குவது கோதுமையும் சீமெந்துக் கல்லும் எண்ணெயும்.

மூன்றாம் கட்டை:
சரி மாமா, நீங்கள் சொன்னால் சரிதான். லண்டனிலிருந்து வீடுவரை வருகிறவன் கடைசி 260ஐயும் ஓட்டத்தான் வேண்டும் என்கிறீர்கள்.

நிலாவெளிக் காற்று:
தம்பி எங்கே? அண்ணா என்ன ஆனார்?

உப்புவெளித் தம்பி:
மூடி திறந்ததும் உஸ். ஒஸ்ரியாவில் மழைக்கு டாங்க் பையோடு ஒரு பிளாஸ்ரிக் உறை வாங்கிக் கட்டினாராம், அது மூடியையே இறுக்கிப் பொத்தியிருக்கிறது. கழற்றிவிட்டு ஓடுகிறார், நிஷ் தாண்டிவிட்டார். கந்தளாய் அண்ணைக்கு நன்றி.

டொக்யாட் மாமா:
நானும் அதைத்தான் நினைத்தேன்.

கந்தளாய் கராஜ்:
நல்லது. மூடிக்கு அடியில் உள்ள சின்னத் துளையையும் ஊதிப் பார்க்கச் சொல்லுங்கள், மழைச்சேறு போயிருக்கும்.

கிண்ணியா ரைடர்:
தம்பி, துருக்கிக்குள் நுழையும் கபிகுலே எல்லைக்கு முன் ஒன்று: அவருடைய கிரீன் கார்டில் (வெளிநாட்டில் செல்லும் இன்சூரன்ஸ் அட்டை) துருக்கி இருக்கிறதா? ஆசியப் பக்கத்துக்கும் செல்லுமா என்று பார்த்துச் சொல்லுங்கள். சிலர் ஐரோப்பியப் பக்கத்துக்கு மட்டும் எடுத்துவிட்டு இஸ்தான்புல் பாலத்தில் முழிப்பார்கள்.

கிண்ணியா ரைடர்:
தம்பி?