கலைச்சொல் முன்மொழிவு: திணைகடந்த ஆர்.என்.ஏ. ஒடுக்கம்

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம்.

செடியிலிருந்து பூஞ்சைக்கும் பூஞ்சையிலிருந்து செடிக்கும் குறு ஆர்.என்.ஏ.க்கள் (மிகச் சிறிய ஆர்.என்.ஏ. இழைகள்) சென்று, சென்ற இடத்தின் மரபணுக்களை ஒடுக்கும் நிகழ்வுக்கு 'ஆர்.என்.ஏ. ஊடுருவல்' என்ற பெயரை நண்பர் ஒருவர் பரிந்துரைத்துள்ளார். சொல் எளியதுதான்; ஆனால் ஊடுருவுவது பகைவன் என்ற பொருள் அதனோடு ஒட்டியே வருவதால், நிகழ்வின் ஒரு பாதிக்கு மட்டுமே அது பொருந்தும்.

சாம்பல் பூசண நோயை உண்டாக்கும் பொட்ரைட்டிஸ் சினேரியா என்னும் பூஞ்சை, தன் குறு ஆர்.என்.ஏ.க்களைச் செடியின் செல்லுக்குள் செலுத்துகிறது என்றும், அவை அங்குள்ள ஆர்கோனாட் புரதத்தோடு இணைந்து செடியின் தற்காப்பு மரபணுக்களையே ஒடுக்குகின்றன என்றும் 2013இல் வெளியான ஆய்வு காட்டியது. தன்னிடம் சேர்ந்த குறு ஆர்.என்.ஏ.வுக்குப் பொருந்தும் தூது ஆர்.என்.ஏ.வை (மரபணுவின் செய்தியைப் புரத ஆக்கத்துக்கு எடுத்துச்செல்வது) கண்டறிந்து வெட்டுவது ஆர்கோனாட்டின் வேலை. வைரசுகளை எதிர்க்கச் செடி வைத்திருக்கும் ஆயுதமும் அதுவே. அதைத்தான் பூஞ்சை தன்வயப்படுத்திக்கொள்கிறது. 2018இல் மறுதிசையும் தெரியவந்தது: அராபிடாப்சிஸ் என்னும் சிறு செடி தன் குறு ஆர்.என்.ஏ.க்களை நுண்பைகளில் பொதிந்து அதே பூஞ்சைக்குள் அனுப்பி, அதன் நோயூட்டும் மரபணுக்களை ஒடுக்குகிறது. செடியின் இந்தத் தற்காப்பை ஊடுருவல் என்று எப்படி அழைப்பது?

ஆகவே திசையைச் சுட்டாத 'கடந்த' என்ற அடையே தகும். எதைக் கடந்த என்பதில்தான் சிக்கல்: செடியும் பூஞ்சையும் உயிரின வகைப்பாட்டில் இருவேறு பெரும்பிரிவுகளை (kingdom) சேர்ந்தவை. பாடநூல்கள் 'ஐந்துலக வகைப்பாடு' என்று எழுதினாலும், 'உலகுகடந்த' என்றால் படிப்பவர் மனம் விண்வெளிக்குப் போய்விடும். அப்பெரும்பிரிவை நான் 'திணை' என்கிறேன்; திணை என்றால் செடியும் பூஞ்சையும் அஃறிணைதானே என்று இலக்கணம் கற்றோர் கேட்கலாம். அந்தக் குறும்பைப் பொறுத்துக்கொள்ளலாம் என்பது என் கருத்து. 'ஒடுக்கம்' இருக்க 'முடக்கம்' வேண்டாம் என்பதற்கும் காரணம் உண்டு: இங்கே வெட்டுப்படுவது தூது ஆர்.என்.ஏ. மட்டுமே, மரபணு பழுதின்றி இருக்கிறது.

ஓர் எல்லையையும் குறித்துவைப்போம். கஸ்குட்டா என்னும் ஒட்டுண்ணிச் செடியின் மைக்ரோ ஆர்.என்.ஏ.க்கள் (குறு ஆர்.என்.ஏ.க்களில் ஒரு வகை) அது ஒட்டி வாழும் விருந்தோம்பிச் செடியின் தூது ஆர்.என்.ஏ.க்களைத் தாக்குவதும் 2018இல் பதிவாகியுள்ளது. இரண்டும் ஒரே திணை என்பதால் அதற்குச் 'சிற்றினங்கடந்த' என்ற அடை வேண்டும். வைரசை எந்தத் திணையிலும் சேர்ப்பதில்லை; செடி அதை எதிர்கொள்வதை அடையின்றி 'ஆர்.என்.ஏ. ஒடுக்கம்' என்றே எழுதலாம்.