முதல் புல் ரிக்வெஸ்டுக்கு 27 கமென்ட் தேவையா?

அரைப்புள்ளி:
நான் தினமும் பயன்படுத்தும் ஒரு ஓப்பன் சோர்ஸ் திட்டத்துக்குப் போன வாரம் ஒருவர் முதன்முதலாக புல் ரிக்வெஸ்ட் (தன் திருத்தத்தைச் சேர்க்கக் கேட்கும் கோரிக்கை) அனுப்பினார். நீளமான கோப்புப் பெயரை அந்த நிரல் 64 பைட்டில் வெட்டுகிறது. எழுத்துகளைக் கணினியில் சேமிக்கும் முறையான யூடிஎஃப்-8-இல் தமிழ் எழுத்துக்குறி ஒவ்வொன்றும் 3 பைட். 21 குறி முடிந்ததும் அடுத்ததன் ஒரே ஒரு பைட் மட்டும் தொங்கும்; திரையில் கட்டமாகத் தெரியும். அதைத்தான் சரிசெய்திருந்தார். மொத்தம் 40 வரி. வந்த கமென்ட் 27. அதில் 19 ஸ்பேஸ், மாறிப் பெயர், கமிட் செய்தி (மாற்றத்தோடு எழுதும் குறிப்பு) பற்றியவை. முதல் வரியே "வழிகாட்டியைப் படித்தீர்களா?" ஒரு நன்றிகூட இல்லை. நான்காம் நாள் அவரே அதை மூடிவிட்டுப் போய்விட்டார். பக் அப்படியே இருக்கிறது.

மூலக்கிளை:
நானும் ஒரு சிறிய லைப்ரரியின் மெயின்டெய்னர், அதாவது அதைப் பராமரிப்பவன். மெர்ஜ் செய்து உள்ளே சேர்த்த நொடியிலிருந்து அந்த 40 வரியும் என் பொறுப்பு. எழுதியவர் வேறு வேலைக்குப் போயிருப்பார், பதில் சொல்ல வேண்டியவன் நான். இணையத் தொடர்பைக் குறியாக்கும் ஓப்பன்எஸ்எஸ்எல்லில் ஹார்ட்பிளீட் என்ற பாதுகாப்பு ஓட்டை எப்படி வந்தது? எதிர்முனை சொல்லும் நீளத்தைச் சரிபார்க்காமல் நம்பிய ஒரு பங்களிப்பு, 2011 கடைசியில் ரிவ்யூவைத் தாண்டி உள்ளே வந்தது. 2014 ஏப்ரலில்தான் விஷயம் வெளியே தெரிந்தது.

நீங்கள் சொல்லும் திருத்தத்தையும் தேடிப் பார்த்தேன். பைட்டுக்குப் பதில் யூனிகோட் குறிகளை எண்ணி வெட்டுகிறார். நமக்கு 'கி' ஓர் எழுத்து. யூனிகோடில் அது க, இகரக் குறி என இரண்டு. நடுவில் வெட்டினால் 'கி' வெறும் 'க' ஆகிவிடும். கட்டம் போய்விடும், பெயர் தப்பாகிவிடும். இதைச் சொல்லாமல் விடச் சொல்கிறீர்களா?

அரைப்புள்ளி:
கட்டாயம் சொல்ல வேண்டும். ஆனால் அது எத்தனையாவது கமென்ட் என்று பார்த்தீர்களா? 23-ஆவது! ஸ்பேஸ் பஞ்சாயத்துக்கு அடியில் புதைந்து கிடந்தது. அதற்குள் அவர் சோர்ந்துவிட்டார். ஹார்ட்பிளீடும் என் பக்கம்தான் பேசுகிறது. ரிவ்யூ செய்பவரின் கண் நீளத்தின்மேல் இருக்க வேண்டும். ஸ்பேஸை, நடையைத் தானாகச் சரிபார்க்கும் லின்டர் நிரல் பார்த்துக்கொள்ளும்.

சிறுதிருத்தம்:
என் முதல் பேட்சுக்கு (திருத்தத்துக்கு) ஒரே கேள்விதான் வந்தது: "இங்கே வெற்றுச் சரம் கொடுத்தால் என்ன ஆகும்? ஒரு டெஸ்ட் எழுதிப் பாருங்களேன்." எழுதினேன், உடைந்தது, நானே திருத்தினேன். அதே திட்டத்தில் இன்றும் இருக்கிறேன்.

மூலக்கிளை:
உங்களுக்கு நல்ல ஆள் கிடைத்தார், மகிழ்ச்சி. எனக்கு வேறு பயம் இருக்கிறது. எக்ஸ்இசட் என்ற கோப்புச் சுருக்க நிரலின் விவகாரம் நினைவிருக்கும். புதியவராக வந்தவர் இரண்டு ஆண்டுக்கு மேல் பொறுமையாகப் பேட்ச் அனுப்பி நம்பிக்கை சம்பாதித்து, 2024-இல் 5.6.0, 5.6.1 வெளியீடுகளில் பின்கதவு வைத்தார். அதற்கு முன்பே, தனியாளாக அதைப் பார்த்துக்கொண்டிருந்தவரை "ஏன் இவ்வளவு தாமதம்" என்று வேறு கணக்குகள் நெருக்கிக்கொண்டிருந்தன. 'புதியவரிடம் இளகிப் போங்கள்' என்று யார் சொன்னாலும் எனக்கு அதுதான் முன்னால் வருகிறது.

அரைப்புள்ளி:
அவர் ஸ்பேஸ் தப்பு விட்டா மாட்டினார்? தொலைவிலுள்ள கணினிக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்எச்சின் உள்நுழைவு அரை நொடி தாமதமாவதைக் கவனித்த ஒருவர் தோண்டியதால் வெளிவந்தது. நடையைத் திருத்தும் கமென்ட் எத்தனை போட்டாலும் அப்படிப்பட்டவரைத் தடுக்காது. நேர்மையாக வந்தவரைத்தான் விரட்டும். இளகச் சொல்லவில்லை, வரிசையை மாற்றச் சொல்கிறேன். முதலில் 'கி', அப்புறம் மற்றது. லினக்ஸ் கெர்னலை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் 2018 செப்டம்பரில் தன் கடுமையான மின்னஞ்சல்களுக்காக வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டுச் சில வாரம் விலகி நின்றார். அதனால் கெர்னலின் கறார் குறைந்ததாக எனக்குத் தெரியவில்லை.

மூலக்கிளை:
சரி, ஸ்பேஸை லின்டரிடம் விடுகிறேன். கமிட் செய்தியை விடமாட்டேன். "பக் சரிசெய்தேன்" என்று மட்டும் இருந்தால், மூன்று வருடம் கழித்து, எந்த வரியை யார் மாற்றினார் என்று காட்டும் கிட் பிளேம் போட்டுப் பார்ப்பவருக்கு எதற்காக மாற்றினார்கள் என்று எப்படிப் புரியும்?

அரைப்புள்ளி:
கேளுங்கள், கடைசியாகக் கேளுங்கள். அவருக்கு இப்போதுதான் எழுதினேன்: உங்கள் திருத்தம் எங்களுக்கு வேண்டும், 'கி'க்கான டெஸ்டை நான் எழுதித் தருகிறேன், மீண்டும் திறக்கிறீர்களா? இன்னும் பதில் வரவில்லை.